ஆய்வாளர் கேள்வி–பதில்: ‘எத்தனை’ என்பதற்கு முன் ‘எது ஒன்று’?

கேள்வி: மாணவர்களிடம் வினாநிரல் கொடுத்துத் தகவல் திரட்டப் போகிறேன். “384 பேர் இருந்தால் போதும்” என்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
– கல்வியியல் ஆய்வு மாணவி

பதில்: ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடை வரும் ஒரு கேள்விக்குப் போட்ட கணக்கு அது. பாதிப் பேர் ஆம் என்பார்கள் என்று வைத்துக்கொள்கிறோம். மாதிரி அதிகம் தேவைப்படும் நிலை அதுதான். 95% நம்பிக்கை அளவு (அதற்குரிய எண் 1.96), கூடக்குறைய 5 சதவீதப் புள்ளி பிழை. 1.96 × 1.96 × 0.5 × 0.5 என்பதை 0.05 × 0.05 ஆல் வகுத்தால் 384.16 வரும். முழு எண்ணாக்கினால் 385. பிழையை 3 புள்ளியாகக் குறைக்க விரும்பினால் 1,068 பேர் தேவை. ஆய்வுக்குரிய மொத்தப் பேரே 500தான் என்றால் 218 பேர் போதும்.

இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. முழுப் பெயர்ப்பட்டியலும் கையில் இருந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்திருக்க வேண்டும். நடைமுறையில் நாம் செய்வது வேறு: 20 வகுப்புகளுக்குப் போய், வகுப்புக்கு 20 பேராக 400 தாள் நிரப்பி வாங்கி வருகிறோம். ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே ஆசிரியர், ஒரே சூழல். விடைகளும் ஓரளவு ஒத்துப்போகும். அந்த ஒற்றுமையை அளக்கும் உள்தொடர்பு 0.05 என்று வையுங்கள். வகுப்பின் அளவில் ஒன்றைக் கழித்து, 0.05 ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 1.95. உங்கள் 400 பேரை அதனால் வகுத்தால் 205. அதாவது, 400 தாள் இருந்தாலும் 205 பேரைத் தனித்தனியாகக் கேட்ட பலன்தான். உள்தொடர்பு 0.2 ஆக இருந்தால் வெறும் 83.

இதற்கு வழி இருக்கிறது. அதே 400 பேரை 40 வகுப்புகளிலிருந்து பத்துப் பத்தாக எடுத்தால் 276 பேரின் பலன் கிடைக்கும். அலைச்சல் கூடுதல்தான், ஆனால் அந்த அலைச்சலுக்கு மதிப்பு உண்டு. எந்த விடை எந்த வகுப்பிலிருந்து வந்தது என்பதையும் தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) பதிந்து வையுங்கள். அது இல்லாவிட்டால் பிறகு எந்தப் புள்ளியியல் நிபுணராலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. பத்தில் ஆறு பேர்தான் திருப்பித் தருவார்கள் என்று தெரிந்தால் 642 பேருக்குக் கொடுங்கள். ஆனால் தராத நால்வர் வேறு மாதிரி ஆட்களாக இருந்தால், எண்ணிக்கையைக் கூட்டுவது உதவாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களை நம்பியதும், அட்டை பெற்றவர்களில் கால்வாசிப் பேர் மட்டும் பதில் போட்டதும்தான் கோளாறு.

கேள்வி: ஒரு மருந்துப் பொருளைச் செல்களில் இட்டு, பிளேட்டில் மூன்று வெல்களில் (சிறு குழிகளில்) அளந்தேன். n = 3 (தனித்தனி மறுசெய்கை மூன்று) என்று எழுதினேன். மதிப்பாய்வாளர் ஏற்கவில்லை. ஏன்?
– உயிர்வேதியியல் ஆய்வாளர்

பதில்: மதிப்பாய்வாளர் சொன்னது சரி. ஒரே குடுவைச் செல், ஒரே நாள், ஒரே கரைசல். அதைத்தான் மூன்று வெல்லில் பிரித்து ஊற்றினீர்கள். அந்த மூன்றுக்கும் இடையே தெரியும் வேறுபாடு உங்கள் பிப்பெட் பிடிக்கும் கையின் வேறுபாடு; செல்லின் வேறுபாடு அல்ல. மூன்று வெல்லையும் சராசரியாக்கினால் n = 1. வேறு நாளில், வேறு பாசேஜ் (மறுவளர்ப்புத் தலைமுறை) செல்லில், புதிதாகக் கலந்த கரைசலில் மறுபடி செய்தால் n = 2. வளர்ப்பு அறையில் தொட்டி வைத்துச் செய்யும் தாவர ஆய்வுக்கும் இதுவே விதி. ஓர் அறை 25 டிகிரி, இன்னோர் அறை 30 டிகிரி என்றால், அறைக்கு 50 தொட்டி இருந்தாலும் வெப்பநிலையைப் பொறுத்தவரை ஒவ்வொரு பக்கமும் n = 1தான். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இதற்கு ‘போலி மறுசெய்கை’ என்று பெயர் வைத்தார்.

மறுபடி செய்யும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். 96 வெல் பிளேட்டில் ஓரத்து வெல்களில் நீர் சீக்கிரம் ஆவியாகும். அங்கே மாதிரி வைக்காமல் பஃபர் கரைசல் மட்டும் நிரப்புங்கள். கன்ட்ரோல் (மருந்து இடாத ஒப்பீட்டு வெல்) எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் கன்ட்ரோலை 100 என்று ஆக்கிவிட்டு டி-சோதனை (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடுவதுதான் பலரும் செய்கிற தவறு: கன்ட்ரோலின் சிதறல் பூஜ்யமாகி, விடை பொய்யாக அழகாக வரும். மூல அளவுகளை நாள் வாரியாக இணைத்து, ஜோடிச் சோதனை போடுங்கள். மூன்று நாள் செய்திருந்தால், படத்தில் மூன்று புள்ளிகளையும் அப்படியே காட்டுங்கள். மூன்று அளவுகளுக்கு எர்ரர் பார் (பிழைக் கோடு) எதற்கு?

கேள்வி: பண்புசார் ஆய்வில் எத்தனை நேர்காணல் எடுக்க வேண்டும்? இருவர் குறியீடு செய்தோம் (பேச்சின் பகுதிகளுக்குக் கருத்துப் பெயர் இட்டோம்), 85% ஒத்துப்போகிறது. போதுமா?
– சமூகவியல் ஆய்வு மாணவர்

பதில்: 60 நேர்காணல்களை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, முதல் பன்னிரண்டிலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாகக் காட்டியது. அதைப் பார்த்து எல்லாரும் 12 என்று எழுதுகிறார்கள். ஓரளவு ஒரே தன்மையுள்ள குழுவிடம், ஒரே கேள்விகளை வைத்துக் கிடைத்த எண் அது. உங்கள் குழு பலதரப்பட்டது என்றால் பொருந்தாது. ஒவ்வொரு நேர்காணலிலும் புதிதாக எத்தனை குறியீடு முளைத்தது என்று வரிசையாக எழுதி வாருங்கள். தொடர்ந்து மூன்றில் புதிதாக எதுவும் வராதபோது நிறுத்தலாம். அந்த அட்டவணையை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேருங்கள்.

85% கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழிக்க வேண்டும். 100 பகுதிகளில் இருவரும் ‘உண்டு’ என்றது 80, இருவரும் ‘இல்லை’ என்றது 5, முதல்வர் மட்டும் ‘உண்டு’ என்றது 10, மற்றவர் மட்டும் 5 என்று வையுங்கள். தற்செயல் ஒற்றுமை 0.90 × 0.85 + 0.10 × 0.15 = 0.78. தற்செயலைக் கழித்த ஒற்றுமை அளவுதான் கோஹனின் கப்பா: 0.85இலிருந்து 0.78ஐக் கழித்து, 0.22ஆல் (1 − 0.78) வகுத்தால் 0.32. மிகக் குறைவு. பெரும்பாலும் குறியீட்டின் வரையறை தெளிவில்லாததே காரணம். முரண்பட்ட 15 பகுதிகளையும் இருவரும் சேர்ந்து படித்து, ‘எது சேராது’ என்ற வரியை வரையறையில் எழுதி, புதிய பகுதிகளில் மறுபடி செய்து பாருங்கள்.

கேள்வி: எக்செலில் திறந்ததும் மரபணுப் பெயர்கள் தேதியாகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?
– உயிர்தகவலியல் மாணவி

பதில்: கோப்பை இருமுறை தட்டித் திறக்காதீர்கள். வெற்றுத் தாளைத் திறந்து, தரவை இறக்குமதி செய்யும்போது அந்தப் பத்தியை ‘உரை’ என்று குறியுங்கள். தேதியாக மாறிச் சேமித்த பிறகு பழைய பெயர் திரும்பாது. மூலக் கோப்பைத் திருத்த முடியாதபடி பூட்டி வையுங்கள். இந்தத் தொல்லையாலேயே 2020இல் மனித மரபணுப் பெயரிடல் குழு ‘மார்ச்1’ என்பதை ‘மார்ச்எஃப்1’ என்று மாற்றியது. வினாநிரலில் 0012 என்று எண் கொடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து: அது 12 ஆகிவிடும்.

கேள்வி: பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.06 வந்தது. “இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துப் பார்” என்கிறார் நெறியாளர். செய்யலாமா?
– உளவியல் ஆய்வாளர்

பதில்: பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது கூடாது. உண்மையில் எந்த விளைவுமே இல்லாதபோதும், சம இடைவெளியில் ஐந்து முறை சோதித்தால் எங்காவது வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே விழும் வாய்ப்பு 5% அல்ல, ஏறத்தாழ 14%. ஐந்து முறை பார்ப்பேன் என்று முன்பே திட்டமிட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் 0.016 என்ற கடுமையான எல்லையை வைத்திருக்கலாம். இப்போது அந்த வாய்ப்பு போய்விட்டது. 0.06 என்றே எழுதுங்கள். பக்கத்தில் சராசரி வித்தியாசத்தையும் அதன் 95% நம்பிக்கை இடைவெளியையும் கொடுங்கள். அந்த இடைவெளியை வைத்து அடுத்த ஆய்வுக்கான மாதிரி அளவைக் கணக்கிட்டு, தரவு திரட்டத் தொடங்கும் முன்பே திட்டத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.