சூப்பர் மார்க்கெட் தன் பெயரிலேயே விற்கும் மளிகையை நம்பி வாங்கலாமா?

கேட்டவர் மும்பைக்குப் பக்கத்தில் தாணேயில் புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கிறார். அடுத்த வாரம் மாமியார் ஊரிலிருந்து வருகிறாராம். அடுக்களையில் கடையின் சொந்தப் பெயர் போட்ட பருப்பு, ரவை, மாவு பாக்கெட்டுகளைப் பார்த்தால் என்ன நினைப்பாரோ, உண்மையிலேயே தரம் மட்டம்தானா என்று கேட்டிருக்கிறார். மாமியார் மட்டும் வரவில்லை என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பது என் ஊகம். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இந்தப் பாதையில் போய் உதை வாங்கியவன்தான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "எந்தக் கம்பெனி ஆள் நீ" என்று கீழே நாலு பேர் வருவார்கள். எந்தக் கடைக்கும் நான் ஏஜெண்ட் இல்லை. துர்பேயில் ஒரு பேக்கிங் யூனிட்டில் பதினொரு வருஷம் கணக்கு எழுதினேன். ரிட்டையர் ஆகி டோம்பிவிலியில் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் யூனிட் பருப்பு விளைவிக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. வாஷி தானியச் சந்தையான தாணா பந்தரிலிருந்து மூட்டை வரும், மெஷினில் கொட்டுவோம், பவுச்சாக வெளியே வரும், அவ்வளவுதான்.

காலை ஷிப்டில் ஊரறிந்த ஒரு பெயர் அச்சடித்த பிலிம் ரோல் (பவுச் செய்யும் பிளாஸ்டிக் சுருள்) மெஷினில் ஓடும். சாப்பாட்டு வேளையில் நிறுத்துவார்கள். ஆபரேட்டர் ரோலைக் கழற்றிவிட்டு ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ரோலை மாட்டுவார், தேதி அச்சை மாற்றுவார், முதல் பத்துப் பதினைந்து பவுச்சைக் கிழித்துத் திரும்பக் கொட்டுவார். பிறகு அதே மெஷின், அதே ஆள். "அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே, ஊரை ஏமாற்றுகிறார்கள்" என்று குதிக்க வேண்டாம். மேலே கொட்டும் மூட்டை மாறும். பெரிய பெயர்க்காரர்கள் லாத்தூர் ஃபட்கா (முதல் தரத் துவரம்பருப்பு), சார்ட்டெக்ஸ் போட்டது (நிறம் பார்த்துப் பொறுக்கும் மெஷினில் ஓட்டியது), உடைசல் கம்மியாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். சூப்பர் மார்க்கெட்காரர் கொஞ்சம் உடைசல் இருந்தாலும் எடுத்துக்கொள்வார், விலையைத்தான் கசக்குவார். சில மாதம் இரண்டு பேருக்கும் ஒரே மூட்டை போனதும் உண்டு. உடைசல் பருப்பால் என்ன நஷ்டம்? சாம்பாருக்குக் குழையத்தானே போகிறது. முழுசாக, மஞ்சளாக, பளபளவென்று இருக்கிறதே என்று காசு கொடுப்பவர்கள் குக்கரை மூடும் வரைக்கும்தான் அந்த அழகைப் பார்க்க முடியும்.

விலை ஏன் குறைவு என்பது கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். விளம்பரம் கிடையாது, ஸ்டாக்கிஸ்ட் கமிஷன் கிடையாது, ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் பையனுக்குச் சம்பளம் கிடையாது. கடை அவருடையது, அலமாரி அவருடையது, கண்ணுக்கு நேரான தட்டில் தன் பாக்கெட்டை அடுக்கிக்கொள்வார். பருப்பைக் கலப்படம் செய்துதான் விலையைக் குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. (செய்யவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் இல்லை என்றேன். கமெண்ட் போடுமுன் ஒருமுறை திரும்பப் படிக்கவும்.)

பெயரின் மகிமையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவு செய்த பிராண்ட் பெயரில் பாக்கெட் போட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் வரி. பெயர் இல்லாததற்கு வரி கிடையாது. உடனே என்ன நடந்தது தெரியுமா? அதுவரை "எங்க பிராண்டு, எங்க பிராண்டு" என்று மார் தட்டியவர்களில் சிலர், "இந்தப் பெயர் மேல் நான் உரிமை கோர மாட்டேன்" என்று அஃபிடவிட் கொடுத்து, அதைப் பாக்கெட்டிலும் அச்சடித்து வரியிலிருந்து நழுவினார்கள். அந்த அஃபிடவிட்டில் இரண்டு மூன்றை நானே டைப் அடித்திருக்கிறேன். தாத்தா காலத்துப் பெயரை ஐந்து சதவீதத்துக்காகத் தத்துக் கொடுக்கிறார்களே என்று இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அந்த வழியும் அடைபட்டது. 25 கிலோ வரை முன்கூட்டிப் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் யார் பெயராக இருந்தாலும் வரி. நம் ஊர்ப் பக்கம் 26 கிலோ அரிசி மூட்டை திடீரென்று முளைத்ததன் ரகசியமும் இதுதான்.

எங்கள் அப்பா 83-ல் டாடா உப்பு வந்தபோது பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது சயான் கோலிவாடாவில் ஒற்றை அறை. "உப்புக்குமாலே பேரு? கடலுக்கு எவனாவது கம்பெனி பேரு வச்சிருக்கானா?" என்றார். பேர் போட்ட உப்பை வாங்குகிறவன் ஊதாரி என்பது அவர் கட்சி. இன்றைக்கு என் பேத்தி, பேர் தெரியாத பிஸ்கட் என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். நடுவில் நான்.

சரி, உதை வாங்கிய கதைக்கு வருகிறேன்.

என் மனைவியின் அக்கா, எனக்கு மதினி, பாளையங்கோட்டையில் இருக்கிறார். 2019-ல் கிருஷ்ண ஜெயந்திக்கு ஒரு வாரம் முன்னால் டோம்பிவிலி வந்திருந்தார். நல்ல மழைக்காலம். அப்பளத்தை டப்பாவிலிருந்து எடுத்து வைத்தால் பத்து நிமிஷத்தில் துணி மாதிரி துவளும், அப்படி ஈரம். சீடைக்கு நான்தான் அரிசி மாவு வாங்கி வந்தேன், ஒரு சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயர் போட்ட ஒரு கிலோ பாக்கெட். மதினி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, நான் கூடத்தில் இருப்பது தெரிந்தே, "ஏட்டி, இது என்ன ஊரு பேரு தெரியாத மாவு? உங்க வீட்டுக்காரருக்குக் கணக்குப் பாத்துப் பாத்து சாமிக்கும் கணக்குப் பாக்க ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பேக்கிங் யூனிட் கதை முழுவதையும் அவிழ்த்தேன். பிலிம் ரோல், சார்ட்டெக்ஸ், ஸ்டாக்கிஸ்ட் கமிஷன், எல்லாம். அந்த வேகத்தில் வாயை விட்டதுதான் வினை. மனைவி மாவை வறுக்க வாணலியை எடுத்தாள். "வேண்டாம், பாக்கெட் மாவு சலிச்சு உலர்ந்துதான் வரும், அப்படியே போடு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அக்கா முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, வாணலியைக் கீழே வைத்துவிட்டாள்.

முதல் ஈடு போட்டாள். அரை நிமிஷம் சத்தமில்லை. பிறகு ஒன்று "பட்" என்று வெடித்து எக்ஸாஸ்ட் ஃபேனில் போய் அடித்தது. "என்னட்டி அது?" என்று மதினி எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்தது. மூன்றாவது நேராக மேலே போய் சீலிங்கில் அப்பியது. நாலாவது வெடித்தபோது எண்ணெய் தெறித்து மனைவியின் முழங்கையில் பட்டுவிட்டது. நான் தட்டு ஒன்றைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு போய் கேஸை அணைத்தேன். வாணலியில் மீதி சீடைகள் ஒன்றும் அறியாதவை போல மிதந்துகொண்டிருந்தன. காயம் பெரிதில்லை, குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் காட்டியதும் எரிச்சல் அடங்கியது, நாலு நாளில் தழும்பும் மறைந்தது. சீலிங்கில் அந்த எண்ணெய் வட்டம் மட்டும் இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும் மழைக்காலத்தில் மெல்ல எட்டிப் பார்க்கிறது.

மதினி சத்தமே போடவில்லை. "பேரு இல்லாத மாவு பேரு வாங்கிருச்சு" என்றார். அதுதான் தாங்கவில்லை.

சீடை ஏன் வெடிக்கிறது? மாவில் ஈரம் இருந்தாலும், கட்டி தட்டியிருந்தாலும், உருண்டையை இறுக்கிப் பிடித்தாலும் உள்ளே ஆவி அடைபடும். வெளித்தோல் முறுகிவிட்டால் அதற்குப் போக வழி இல்லை. அதற்காகத்தான் வெறும் வாணலியில் மாவைக் கோலம் இழுக்க வருகிற பதத்துக்கு வறுத்துச் சலிப்பார்கள், அதற்காகத்தான் துணியில் பரப்பி உலரவிடுவார்கள். இதில் கடைப் பெயர் எங்கே வந்தது?

மதினி ஊருக்குப் போன மூன்றாம் நாள், நல்ல பெயருள்ள ஒரு பிராண்டின் அரிசி மாவு வாங்கி வந்தேன். விலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பேக் செய்த தேதி பார்த்தேன், ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இரவு எல்லோரும் தூங்கியபின் வறுக்காமல், அதே அளவு உளுந்து மாவு, வெண்ணெய், எள் போட்டு உருட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாலடி தள்ளி நின்று ஒவ்வொன்றாகப் போட்டேன். பன்னிரண்டில் மூன்று வெடித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மனைவியை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"அப்ப மாவு மேல தப்பு இல்ல. மாவு வாங்கிட்டு வந்தவரு மேலதான்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் துடைக்கிற துணியை என் தோளில் போட்டுவிட்டுப் படுக்கப் போனாள்.

ஒரு பாக்கெட்டை வைத்து ஆராய்ச்சியா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், ஒரு பாக்கெட்தான். அதற்குமேல் எண்ணெய் வாங்க வீட்டில் பட்ஜெட் ஒதுக்கவில்லை.

மதினி இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் பச்சரிசியை அங்கேயே ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மில்லில் அரைத்து, வறுத்து, இரண்டு கிலோ மாவை ஒயர் கூடையில் வைத்து ரயிலில் கொண்டுவருகிறார். ரயில் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளவும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். நிஜப் பயணிகளுக்கு வசதி என்றார்கள். எனக்குத் தெரிந்து மாறியது ஒன்றே ஒன்றுதான், முன்பு நாலு மாதம் முன்னால் கிடைக்காத டிக்கெட் இப்போது இரண்டு மாதம் முன்னால் கிடைப்பதில்லை. காலை எட்டு மணிக்கு ஓடிபி வரும் நேரத்துக்குள் திருநெல்வேலி ஸ்லீப்பர் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடுகிறது. தாராவியிலும் சயானிலும் எத்தனை ஆயிரம் நெல்லைக்காரர்கள் இருக்கிறோம், பொங்கலுக்கு ஊருக்குப் போக நாங்கள் படும் பாடு யாருக்காவது தெரியுமா? சரி, விடுங்கள்.

உங்களுக்கு உதவும்படி கொஞ்சம். சர்க்கரை, உப்பு, ரவை, துவரம்பருப்பு, கடுகு மாதிரி தனிச்சரக்குக்குப் பெயர் பார்க்காமல் வாங்குகிறேன். கலந்து செய்கிற சரக்கு என்றால் யோசிப்பேன். பெருங்காயத்தூளில் பாதிக்கு மேல் மாவும் கோந்தும்தான் இருக்கும், எவ்வளவு காயம் போடுகிறார்கள் என்பது கை பார்த்துக் கலப்பவரின் நேர்மை. எங்கள் வீட்டில் பழகின டப்பாவை மாற்றுவதில்லை. காப்பித்தூளில் சிக்கரி சேர்த்தால் இரண்டின் சதவீதமும் பாக்கெட்டில் இருந்தாக வேண்டும், காப்பி 51-க்குக் குறையக்கூடாது. ஒரு கடையின் சொந்தத் தூளில் 53 என்று போட்டிருந்தது. சட்டப்படி சரி. மூக்குப்படி சரியில்லை. காப்பிக்கு மட்டும் டோம்பிவிலியிலிருந்து மாட்டுங்கா போய்க் கண்முன்னால் அரைத்து வாங்கி வருகிறேன், லோக்கல் ரயிலில் வாசம் பிடித்து யாராவது ஒருவர் "அண்ணா, கோணத்யா துகானாதூன்?" (எந்தக் கடையிலிருந்து?) என்று மராத்தியில் கேட்காமல் இருக்க மாட்டார். எண்ணெய் பற்றி எழுத மாட்டேன், சண்டை வரும்.

பாக்கெட்டின் முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தைப் படியுங்கள். பேக் செய்தவர் முகவரி, பேக் செய்த மாதம், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுத்த 14 இலக்க லைசென்ஸ் எண் இருக்கும். சில பாக்கெட்டில் நாலைந்து முகவரி போட்டு, பேட்ச் நம்பரின் முதல் எழுத்தைப் பார் என்று பொடி எழுத்தில் இருக்கும். பார்த்தால் சில சமயம் பெரிய பெயரும் கடைப் பெயரும் ஒரே கூரையின் கீழிருந்து வந்திருப்பது தெரியும். ஒரு கிராம் என்ன விலை என்று இப்போது அச்சடிக்கிறார்கள், ஆனால் அது எம்ஆர்பி-யை வகுத்தது. கடையில் தள்ளுபடி ஆளுக்கு ஒரு மாதிரி இருப்பதால் செல்போனில் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

மாமியார் வருவதற்கு முன் பருப்பைப் பெரிய பெயர் டப்பாவுக்கு மாற்றி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எங்கள் வீட்டில் அதையும் செய்து பார்த்தோம். மதினி டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி ஊதிப் பார்த்தார், டப்பாவின் பெயரை அவர் படிக்கவே இல்லை. "உடைசலா இருக்கு, ஆனா நல்லா வேகும்" என்றார்.

இந்த வருஷ ஜெயந்திக்கும் வருகிறார். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் 23. மாவு அரைத்து வறுத்தாகிவிட்டதாம்.