தலைப்பு போதாது, கேள்வி வேண்டும்

கேள்வி: எதைப் பார்த்தாலும் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. போன மாதம் மதராஸ் டிராம், இந்த மாதம் உப்பளம். இரவு பன்னிரண்டு வரை செல்போனில் படிக்கிறேன். ஒரு வாரம் போனால் ஒன்றும் நினைவில் இல்லை. பட்டம் வாங்கும் எண்ணமெல்லாம் கிடையாது. "வீண் வேலை" என்கிறார் கணவர். இதை உருப்படியாகச் செய்ய வழி உண்டா? – வாசகி, அயனாவரம்

பதில்: வீண் வேலை இல்லை. ஆனால் நீங்கள் இப்போது செய்வது ஆராய்ச்சியும் இல்லை, வாசிப்பு. கேள்வி ஒன்றை எழுதிவைத்துக்கொண்டு தேடும்போதுதான் அது ஆராய்ச்சி ஆகிறது.

'மதராஸ் டிராம்' என்பது வெறும் தலைப்பு. தலைப்புக்கு முடிவே கிடையாது, அதனால்தான் பன்னிரண்டு மணி ஆகிறது. மின்சார டிராம் 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது, 1953 ஏப்ரலில் நின்றது என்பது எங்கும் கிடைக்கும். ஆரம்பத்தில் தரைக்கடியில் பதித்த கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்த வண்டிகள், பிற்பாடு தலைக்கு மேல் ஓடும் கம்பிக்கு மாறின. எந்த வருஷம் மாறின? அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? இது கேள்வி. விடை கிடைத்ததா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். கேள்வி ஒரே வரியில் அடங்கட்டும், அதில் ஓர் இடமும் ஒரு காலமும் இருக்கட்டும். அது முடியும்வரை உப்பளம் காத்திருக்கலாம்.

இணையத்தில் தொடங்குவதில் தவறில்லை, அங்கேயே முடிப்பதுதான் தவறு. ஐந்து தளங்களில் ஒரே செய்தி இருந்தால் ஐந்து சான்று என்று நினைத்துவிடாதீர்கள். வாக்கியமும் எழுத்துப்பிழையும்கூட ஒன்றாக இருந்தால் அது ஒரே சான்றுதான், மற்ற நான்கும் நகல். எது முதலில் எழுதப்பட்டது, அதை எழுதியவர் எங்கிருந்து எடுத்தார் என்று பின்னோக்கிப் போங்கள். பாதி விஷயங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

நினைவில் நிற்கவில்லை என்கிறீர்கள். நிற்காது, யாருக்கும் நிற்காது. அதற்குத்தான் குறிப்பட்டை. உள்ளங்கை அளவு கெட்டி அட்டை போதும். மேலே பொருள்: 'டிராம் – மேல் கம்பி'. நடுவில் ஒரு செய்தி, ஒன்றே ஒன்று. கீழே ஆசிரியர், நூல், பதிப்பித்த ஆண்டு, பக்க எண், எந்த நூலகம், பார்த்த தேதி. அட்டைக்கு இரண்டு செய்தி எழுதினால் பின்னால் வரிசை மாற்றி அடுக்க முடியாது. நூலில் உள்ளதை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போடுங்கள். உங்கள் சொந்த ஊகத்தை வேறு நிற மையில் எழுதுங்கள். இதை விட்டவர்கள் ஒரு வருஷம் கழித்துத் தங்கள் ஊகத்தையே ஆதாரமாகக் காட்டிக் கட்டுரை எழுதுகிறார்கள். இந்தப் பக்கத்துக்கு வரும் கட்டுரைகளில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது.

செல்போனில் படம் எடுப்பதானால் முதல் படம் எப்போதும் நூலின் முகப்புப் பக்கம், அதன் பிறகே உங்களுக்கு வேண்டிய பக்கம், பக்க எண் தெரியும்படி. முகப்பு இல்லாத படம் நாளைக்குக் குப்பை.

இனி எங்கே போவது. அயனாவரத்திலிருந்து எழும்பூர் பக்கம்தான். கன்னிமாரா நூலகம் 1896-ல் திறந்தது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. ஆனால் அந்தச் சட்டம் வந்தது 1954-ல்தான். அதற்கு முந்தைய தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994-ல் பிறந்தது அது. அனுமதி போன்ற உங்கள் கேள்விக்கு எழும்பூரிலேயே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் இடம். அங்கே போய் "டிராம் பற்றி ஏதாவது" என்று கேட்டால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். அரசு ஆவணங்கள் துறை, ஆண்டு, ஜி.ஓ. (அரசாணை) எண் என்ற வரிசையில் இருப்பவை. முதலில் அந்தந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதியைப் புரட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு ஆவணத்தைக் கேளுங்கள். அடையாள அட்டை, நகல் எடுக்கும் விதி இரண்டையும் போகுமுன் விசாரித்துவிடுங்கள். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள். மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள அமிலம் அதை அரித்துக்கொண்டே இருக்கும், மடிப்பில் தொட்டால் ஒடியும். மெதுவாகப் புரட்டுங்கள்.

பழைய அச்சில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, தமிழ் வருஷப் பெயர். 'பிரபவ வருஷம்' என்று மட்டும் போட்டிருந்தால் அது 1867 ஆகலாம், 1927-உம் ஆகலாம், அறுபது வருஷ வித்தியாசம். அச்சகத்தின் பெயர், உள்ளே குறிப்பிடும் சம்பவங்கள் இவற்றைக் கொண்டு முடிவு செய்யுங்கள். மற்றொன்று, எழுத்து. ணை, லை, றா போன்றவை இன்றைய வடிவத்துக்கு வந்தது 1978 அரசாணைக்குப் பிறகு. அதற்கு முந்தைய நூல்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் கணினி அந்த எழுத்துகளைத் தவறாகப் படிக்கிறது, அதனால் தேடல் கைவிடுகிறது. 'இல்லை' என்று திரையில் வந்தால் நம்பாதீர்கள், பொருளடக்கத்தைக் கண்ணால் பாருங்கள். டிராம், ட்ராம், டிராம்வே என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

டிராமில் போன பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள், வருஷத்தைப் பேப்பர் சொல்லும். டிக்கெட் எப்படி இருந்தது, எங்கே ஏறினார்கள், மழையில் வண்டி நின்றால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அனுமதி பெற்றுப் பதிவு செய்து, அன்றே எழுதிவிடுங்கள்.

நாற்பது, ஐம்பது அட்டை சேர்ந்ததும் மேஜையில் பரப்பி அடுக்கி, இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எங்கே ஓட்டை என்பது எழுதும்போதுதான் தெரியும். விக்கிப்பீடியாவில் போடுவதானால், ஏற்கெனவே வெளியான, நம்பகமான ஆதாரத்தைக் காட்டி மட்டுமே போட முடியும். நீங்களாகக் கண்டுபிடித்ததை அங்கே ஏற்கமாட்டார்கள். அதை எங்களுக்கு அனுப்புங்கள். மேல் கம்பி வந்த வருஷத்தையும் அதற்கான ஜி.ஓ. எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், நாங்கள் சரிபார்த்து வெளியிடுகிறோம்.