பெயர் கேட்காத தூரிகை

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் பரிந்துரையைப் படித்துவிட்டு தூரிகையால் திரையில் வரைந்து ஆடும் ஓகாமி என்ற வீடியோ கேமை வாங்கிக் கணினியில் ஆடி வருகிறேன். பட்ட மரத்தைச் சுற்றி வட்டம் வரைந்தால் மரம் பூக்க வேண்டும். எனக்குப் பெரும்பாலும் குண்டுதான் வெடிக்கிறது. பள்ளியிலேயே ஓவியம் வராத கை இது. போதாக்குறைக்கு, பாறையைப் பிளப்பது நான், பெருமை அடித்துக்கொள்வது கதையில் வரும் சுசானோ என்ற வாள்வீரன். எரிச்சலாக இருக்கிறது. அதனால் கதைக்குத் தேவைப்படாத மரங்களை இப்போது நான் தொடுவதில்லை. எந்தக் கருவியில் ஆடினால் கோடு ஒழுங்காக வரும்? வீடியோ கேம் கலைதானா? நாற்பதைக் கடந்தவன் இதற்கு நேரம் செலவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

கடைசி இரண்டு கேள்விகளுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

குண்டு வெடிப்பதற்கும் ஓவியத் திறமைக்கும் தொடர்பில்லை. ஓகாமியில் வட்டத்தோடு ஒரு சிறு கோடு வால்போல ஒட்டிக்கொண்டால் அது குண்டுக்கான குறி. வட்டம் மூடிய பின்னும் நீங்கள் கையை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போகிறீர்கள், அவ்வளவுதான். கோணலான வட்டத்தையும் முட்டை வடிவத்தையும் அந்த ஆட்டம் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். நீங்கள் தூரிகையை எடுத்ததும் உலகம் அசையாமல் நின்று, திரை பழுப்பேறிய தாளாக மாறி, எதிரே பாய்ந்து வரும் அசுரன்கூட அந்தரத்தில் அப்படியே உறைந்திருக்கும்போது, அவசரப்பட வேண்டிய தேவை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

உங்கள் கடிதத்தில் என்னால் தாண்டிப்போக முடியாதது அந்த ‘எரிச்சல்’ என்ற சொல்தான். சில நாட்களாக நானும் இதையே வேறொரு பக்கத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் நாம் இயக்கும் சூரியக் கடவுளான அமாதெராசு அந்த ஊர்க்காரர்களின் கண்ணுக்கு வெறும் வெள்ளை ஓநாய். அவள் உடலில் உள்ள சிவப்புக் கோலங்கள் அவர்களுக்குத் தெரியாது. தூரிகையின் மை முழுவதும் தீர்ந்துவிட்டால் நமக்கும் தெரியாது. மரம் பூத்தாலும், உடைந்த பாலம் ஒட்டிக்கொண்டாலும், இரவு நடுவில் பகல் வந்தாலும் அதைச் செய்தது யார் என்று அவர்கள் அறிய வழியில்லை. காமிகி கிராமத்தில் ஆரஞ்சு என்ற கிழவர் ஆடும் நடனத்தை நினைத்துப் பாருங்கள். அவர் தள்ளாடித் தள்ளாடி ஆடுகிறார்; அவர் ஆட ஆட நீங்கள் ஒவ்வொரு மரத்தையும் வட்டமிடுகிறீர்கள்; மரங்கள் பூத்ததும் தன் நடனம்தான் பூக்க வைத்தது என்று அவர் நம்பிப் பூரிக்கிறார். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் இருப்பதுதான் அந்தக் காட்சியில் உங்களுக்குத் தரப்பட்ட வேலை. சுசானோ வாளை ஓங்கும் கணத்தில் நீங்கள் இழுக்கும் கோடும் அதே வகையைச் சேர்ந்தது. அவன் வீண்பெருமைக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோடு இல்லாமல் அவன் மறுபடி வாளைத் தூக்கியிருக்க மாட்டான்.

எனக்குப் பள்ளியில் ஓவியம் கற்பித்தவரின் நினைவு வருகிறது. கண்காட்சிக்கு முந்தைய மாலையில், பிள்ளைகள் போன பிறகு, மேசையில் பரப்பிய தாள்களின் மேல் குனிந்து அவர் பென்சிலால் ஏதோ செய்துகொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வகுப்புப் பையன் ஒருவன் வரைந்த மண்பானை தாளில் மிதந்துகொண்டிருந்தது. அதன் அடியில், இடது பக்கமாக, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே ஒரு நிழற்கோடு இழுத்தார். பானை தரையில் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் அந்தப் பையன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான், தான் வரைந்தது தனக்கே நம்ப முடியாதது போல. ஆசிரியர் அந்தப் பக்கமே வரவில்லை. கையெழுத்துப் போடாத அந்தக் கோட்டுக்கு இணையாக நான் ரசித்த ஓவியங்கள் மிகச் சிலவே.

ஓகாமியை உருவாக்கியவர்களுக்கு நேர்ந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிதேகி காமியாவின் இயக்கத்தில் குளோவர் ஸ்டூடியோ உருவாக்கிய இந்த ஆட்டம் 2006 ஏப்ரலில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளிவந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை கைகொடுக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், தாய் நிறுவனமான கேப்காம் அந்த ஸ்டூடியோவைக் கலைக்கப்போவதாக அறிவித்தது. 2008-இல் நின்டெண்டோ வீ கருவிக்கு ஆட்டம் மீண்டும் வந்தபோது, முடிவில் ஓடும் கலைஞர்களின் பெயர்ப்பட்டியல் அதில் இல்லை. அந்த மை ஓவியக் கோடுகளை, ஓநாய் ஓடும்போது அதன் காலடியில் முளைத்து மறையும் பூக்களை வரைந்தவர்கள் யார் என்று தெரியாமலேயே பலர் அதை ஆடி முடித்திருப்பார்கள். அநியாயம்தான், எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. மனிதர்களின் பெயரை அழிப்பது வேறு, ஒருவர் தானே முன்வந்து பெயரை விட்டுக்கொடுப்பது வேறு. முதலாவதற்காகக் கோபப்படுங்கள், உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒரு கற்பனைக் கிராமத்தில் சுசானோ என்ற குடிகாரன் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டு, பட்ட மரங்களைப் பட்டபடியே விட்டுச் செல்வது அற்பத்தனம்.

அந்த மரங்கள் கதைக்குத் தேவையில்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? விலங்குகளுக்கு இரை போடும்போதும், கேட்பாரற்ற மரத்தைப் பூக்கவைக்கும்போதும் உண்டாகும் மகிழ்ச்சிதான் அமாதெராசுவிடம் வந்து சேர்ந்து அவளுடைய உயிர்வலுவையும் மைக்குப்பிகளையும் கூட்டுகிறது. அவற்றைத் தாண்டி ஓடிக்கொண்டே, மை போதவில்லை என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதாதீர்கள்.

கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் வைத்திருக்கும் மவுஸே போதும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி கைக்குக் கிடைத்தால் அதன் தொடுதிரையில் விரலாலேயே வரையலாம். உங்களைப் போன்றவருக்கு அது இன்னும் இதமாக இருக்கும். எதில் ஆடினாலும் மரத்தின் அடியில் தொடங்கி, மெதுவாகச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தொட்டதும் கையை எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டு வந்த மரங்களை முதலில் முடியுங்கள்.

அன்புடன்.