நாயின் கால், நம் பணம்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மாடிப்படியில் வழுக்கிய என் நாய் பின்னங்காலை நொண்டுகிறது. இணையத்தில் 1,450 ரூபாய்க்கு முழங்கால் உறை வாங்கினேன். அவர்கள் அளவுப்பட்டியலின்படி எடுத்தும் பொருந்தவில்லை. திரும்பப் பெற மறுக்கிறார்கள். (காட்பாடி)

பதில்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியை வேலூர் லாங் பஜார் கடை ரசீதுகளில் படித்துப் படித்தே எனக்கு முடி நரைத்தது, அதைச் சட்டம் என்று நம்பி வாய் மூடித் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் பொறுப்பதில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. நாயின் காலை அளவுநாடாவுடன் படமெடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்திற்குள் அவர் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம்; இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. சிறு சுளுக்குக்கு உறையைவிட ஓய்வே முக்கியம்: படி ஏறவிடாமல், கழிப்பதற்கு மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே அழைத்துச் செல்லுங்கள். காலை ஊன்றவே மறுத்தாலோ, இரண்டு நாளில் நொண்டல் குறையாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வலிக்கு வீட்டிலிருக்கும் ஐபுபுரூஃபென் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: கூடாது, நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

கேள்வி: பாதத்தில் கண்ணாடி கிழித்த காயத்திற்கு வாங்கிய தெளிப்பு மருந்தால் நாய் எரிச்சலில் துடிக்கிறது. ரசீது வாங்கவில்லை, பெட்டியையும் எறிந்துவிட்டேன். பணம் கிடைக்குமா? (ஆற்காடு)

பதில்: எதைக் காட்டிக் கேட்பீர்கள்? ரசீது தர மறுப்பது கடைக்காரரின் குற்றம், கேட்காமல் வந்தது உங்கள் குற்றம். மருந்தை நிறுத்திவிட்டு, மருத்துவர் பார்க்கும் வரை உப்புநீரால் மட்டும் கழுவுங்கள். நக்காமலிருக்கக் கழுத்துக்கூம்பு வாங்கும்போது அதன் விளிம்பு மூக்கைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அளக்காமல் நான் வாங்கிய கூம்புக்கு வெளியே முகத்தை நீட்டி, என் நாய் நிம்மதியாகக் காயத்தை நக்கிக்கொண்டிருந்தது.

கேள்வி: நாய்க்குக் கட்டுத்துணி வாங்கினேன். 180 ரூபாய் என்ற சீட்டை உரித்தால் அடியில் 95 என்று அச்சிட்டிருக்கிறது. நான் ஓய்வூதியக்காரி. (குடியாத்தம்)

பதில்: அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். விலையைக் கூட்டுவதற்காகச் சீட்டு ஒட்டுவது சட்டவிரோதம். உறையையும் உரித்த சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். கட்டுக்குக் கீழே விரல்கள் வீங்கினால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.