செபக் தக்ராவில் இந்தியா எத்தனையாவது ரேங்க்?

கேள்வி: செபக் தக்ராவில் நாடுகளை எப்படித் தரவரிசைப்படுத்துகிறார்கள்? இந்தியாவின் இடம் என்ன?

வலைக்கு மேல் பந்தைக் காலாலும் தலையாலும் அடித்து ஆடும் இந்த ஆட்டத்தை உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஆடுகிறது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஏதாவது தேறுமா என்று பார்க்கிறீர்கள். நான் பார்த்தவரை இந்தக் கேள்வி வேறு எங்கிருந்தும் வருவதில்லை. வெறும் பொது அறிவுக்குத்தான் கேட்டீர்கள் என்றால் அடுத்த மூன்று பத்தி போதும், அதற்குப் பிறகு வருவது என் சொந்தப் புலம்பல்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நாட்டுக்கு ஒரே ஒரு எண் என்று இந்த ஆட்டத்தைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் இது ஒரே ஆட்டம் இல்லை. மூன்று பேர் ஆடினால் ரெகு. இரண்டு பேர் டபுள்ஸ், நான்கு பேர் குவாட். மூன்று ரெகுவை வரிசையாக இறக்கி எதிரணியின் மூன்று ரெகுவோடு மோதவிட்டால் அது டீம் ரெகு. ஆண், பெண், கலப்பு என்று தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனி டிரா (யாரோடு யார் மோதுவது என்ற அட்டவணை), தனிப் பதக்கம். இதில் ரெகுவுக்கும் டீம் ரெகுவுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். ஒரு நல்ல டெகாங் (சர்வீஸ் போடுபவர்), ஒரு நல்ல ஃபீடர் (பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்), ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் (எதிர்ப்பக்கம் அடித்து முடிப்பவர்) வாய்த்துவிட்டால் சின்ன நாடுகூட ரெகுவில் பெரிய ஆளைச் சாய்க்கலாம். டீம் ரெகுவில் அந்த மூவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் அதே தரத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் தாய்லாந்து மற்றவர்களைக் கழற்றிவிடும். ஒரு நாட்டின் ஆழம் தெரிய வேண்டுமென்றால் நான் டீம் ரெகு முடிவைத்தான் பார்ப்பேன்.

எந்தப் போட்டிகளை வைத்துக் கணிப்பது? ஆசிய விளையாட்டுப் போட்டி (1990 பெய்ஜிங்கில் இருந்து இது பதக்க ஆட்டம்), சர்வதேசக் கூட்டமைப்பான இஸ்டாஃப் 2011இல் கோலாலம்பூரில் தொடங்கிய உலகக் கோப்பை, தாய்லாந்தில் 1985 முதல் நடக்கும் கிங்ஸ் கோப்பை. கிங்ஸ் கோப்பையில் அணிகளைப் பலம் பார்த்து பிரீமியர், டிவிஷன் 1 என்று பிரித்து ஆடவிடுவார்கள். "நாங்கள் தங்கம் வென்றோம்" என்று யாராவது சொன்னால் எந்த டிவிஷனில் என்று கேளுங்கள். அதேபோல ஆசிய விளையாட்டில் ஒரு நாடு எல்லாப் பிரிவிலும் இறங்க முடியாது, வரம்பு உண்டு. 2023இல் ஹாங்சோவில் 6 தங்கத்தில் 4 தாய்லாந்துக்கு. மீதி இரண்டும் தாய்லாந்து இறங்காத குவாட்: ஆண்களில் மியான்மர், பெண்களில் வியட்நாம். அந்த இரண்டு தங்கத்தையும் குறைத்துப் பேசவில்லை. வலையின் அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று பார்க்காமல் பதக்கப் பட்டியலை மட்டும் எண்ணக்கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

இந்தியா? 2018 ஜகார்த்தா-பாலெம்பாங்கில் ஆண்கள் டீம் ரெகுவில் வெண்கலம். ஆசிய விளையாட்டில் இந்தத் துறையில் நமக்கு முதல் பதக்கம் அது. அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றோம். 2023 ஹாங்சோவில் பெண்கள் ரெகு வெண்கலம், அங்கேயும் அரையிறுதியில் தாய்லாந்துதான். 2025 மார்ச்சில் பாட்னாவில் நடந்த உலகக் கோப்பையில் ஆண்கள் ரெகு தங்கம், இறுதியில் ஜப்பானை 2-1 என்று வென்றது. அந்தப் போட்டியில் மொத்தம் 7 பதக்கம்: 1 தங்கம், 1 வெள்ளி, 5 வெண்கலம். "சொந்த மண்ணில் ஆடியதால்தான்" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள், தெரியும். ஜகார்த்தாவும் ஹாங்சோவும் நம் சொந்த மண் இல்லை. தாய்லாந்து முதலிடம், அதில் சண்டையே இல்லை. மலேசியா, இந்தோனேசியா, மியான்மர், வியட்நாம், கொரியா, ஜப்பான் எல்லாம் நம்மை வெல்லும், நாமும் அவர்களில் சிலரைச் சில நாள் வெல்வோம். அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கிறோம். என் மதிப்பீடு இது. ஆட்டத்தைப் பின்தொடர்கிற வேறொருவர் வேறு மாதிரி சொல்லலாம்.

இனிமேல் புலம்பல்.

நான் சென்னை வியாசர்பாடிக்காரன். எங்கள் பக்கம் ஃபுட்பாலும் கேரமும்தான் பிரசித்தம். நான் ஃபுட்பாலில் தொடங்கி இந்தப் பக்கம் வந்தேன், ஃபீடராக ஆடினேன், வேலைக்குப் போன பிறகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் அக்கா மகள் டெகாங். சர்வீஸ் போடுகிறவள். வலையோரம் நிற்கிற அவள் அணிப் பெண் பந்தைக் கையால் தூக்கிப் போடுவாள், இவள் ஒரு காலை வட்டத்துக்குள் ஊன்றிக்கொண்டு இன்னொரு காலைத் தலைக்கு மேல் கொண்டுபோய் அறைவாள். தமிழ்நாட்டுக்காக ஜூனியர் நேஷனல்ஸ் ஆடியவள். அந்தச் சான்றிதழோடு நகரத்துக்குள் இருக்கும் ஒரு கல்லூரிக்கு கோட்டா அட்மிஷனுக்குப் போனோம். பெயர் வேண்டாம்.

எங்களுக்கு முன்னால் ஒரு செஸ் பையன். அவன் அம்மா ஒரே ஒரு தாளை நீட்டினார், ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் பெரிய எழுத்தில் இருந்தது, உடல்கல்வி இயக்குநர் கணினியில் ஒருமுறை தட்டிப் பார்த்தார், முடிந்தது. செஸ் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்ததை நானும் நின்று போட்டோ எடுத்தேன். குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது எங்கள் தெருவிலும் பட்டாசு வெடித்தது. ஆனால் செஸ்ஸால் இந்த ஊருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த ஆட்டம் என்றாலும் ஆளுக்கு ஒரு நம்பர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இவள் முறை வந்ததும் அவர் கேட்டார்: "இந்த கேம்ல இந்தியாவோட வேர்ல்டு ரேங்க் என்னம்மா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன், "சார், ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல நம்ம பொண்ணுங்க வெண்கலம் அடிச்சாங்க."

"யாரைத் தோற்கடிச்சு?"

"அரையிறுதிக்கு வந்தாங்க சார். தோத்த ரெண்டு டீமுக்கும் வெண்கலம், மூணாவது இடத்துக்குத் தனி மேட்ச் கிடையாது."

சிரித்தார். "அப்போ தோத்ததுக்கு மெடலா?"

"பாக்ஸிங்லயும் அப்படித்தான் சார்."

"பாக்ஸிங் வேற," என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். பதில் இல்லை. பைலைப் புரட்டிவிட்டு, "சரி, அதெல்லாம் இந்தியா டீம். இந்தப் பொண்ணு இந்தியாவுக்கு ஆடலையே?" என்றார்.

அதைத்தான் சார் நானும் கேட்கிறேன்! பிறகு எதற்கு நாட்டின் ரேங்க்? அவள் ஆடியது மாநிலத்துக்கு. அவளை அளக்க வேண்டுமென்றால் நேஷனல்ஸில் எந்தச் சுற்று வரை போனாள், யாரிடம் தோற்றாள் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டு அணி தோற்றது மணிப்பூரிடம். ஹாங்சோவில் வெண்கலம் வாங்கிய அணியில் மைபாக் தேவி, சாவோபா தேவி, பிரியா தேவி, லெய்ரென்டோன்பி தேவி எல்லோரும் மணிப்பூர்தான். (ஐந்தாவது பெயர் குஷ்பு. பட்டியல் வந்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தை இங்கே எழுத முடியாது.) அப்படிப்பட்ட மாநிலத்தின் ஜூனியர்களிடம் காலிறுதியில் தோற்பதும் வேறு எவரிடமோ முதல் சுற்றில் தோற்பதும் ஒன்றா? அந்தத் தாளில் இரண்டுக்கும் "பங்கேற்பு" என்று ஒரே சொல்தான் இருக்கிறது.

இயக்குநர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. எத்தனையோ ஆட்டங்கள், அத்தனையும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. தெரியாததைக் கேட்பதிலும் தவறில்லை. பதினேழு வயதுப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டு கேட்டதுதான் எனக்குச் சுட்டது. அவளுக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே ரேங்க் யாரும் கேட்கவில்லை. பந்தைக் கையில் கொடுத்து சர்வீஸ் போடச் சொன்னார்கள், போட்டாள்.

ஆகவே உங்கள் பிள்ளைக்கு: ரேங்க் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மாநிலத்துக்காக நேஷனல்ஸ் ஆடியிருந்தால் கோட்டாவுக்குக் காட்ட வேண்டிய சான்றிதழ் படிவம் 2, பள்ளி அளவிலான தேசியப் போட்டி என்றால் படிவம் 4. போட்டி முடிந்து ஊர் திரும்பிய சூட்டோடு படிவம் 2 என்றால் மாநிலச் சங்கத்திடம், படிவம் 4 என்றால் பள்ளிக்கல்வித் துறையிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். பொறுப்பாளர்கள் மாறிவிட்டால் பிறகு அலைய வேண்டியிருக்கும். கூடவே அந்தப் போட்டியின் முடிவுத் தாளையும், டிராவோடு சேர்த்து, நகல் எடுத்து வையுங்கள். யாரிடம் தோற்றோம் என்பதைச் சொல்லும் ஒரே தாள் அதுதான்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை. எங்கள் ஆட்டத்தின் கோர்ட் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர், பேட்மின்டன் டபுள்ஸ் கோர்ட்டின் அதே அளவு. ஆண்களுக்கு வலை நடுவில் 1.52 மீட்டர், ஏறக்குறைய அதே உயரம். பெண்களுக்குப் பத்து சென்டிமீட்டர் இறக்கினால் ஆயிற்று. புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் சென்னையில் ஷட்டில் கோர்ட் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், "காலால ஆடுறதா? தரை போயிடும்" என்பார்கள். எங்கள் பந்து 180 கிராமுக்கு மேல் கிடையாது, சிந்தடிக் பின்னல், நாங்கள் போடுவதும் ரப்பர் அடி ஷூதான். மணிக்கு இவ்வளவு என்று ஷட்டில்காரர்கள் கொடுக்கும் அதே வாடகையைத் தருகிறோம் என்றாலும் தலையாட்டுவதில்லை. ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டு, முன்பணமும் வாங்கிக்கொண்டு, உறுப்பினர்கள் ஆட்சேபிக்கிறார்கள் என்று மறுநாளே திருப்பிக் கொடுத்தார்கள்.

வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர் பக்கம் இரவு ஒன்பதுக்கு மேல் கோர்ட் தரக்கூடியவர் யாராவது இதைப் படித்தால் கமெண்டில் சொல்லுங்கள். மரத்தளம் வேண்டாம், மேட் போட்டிருந்தால் போதும். வலையை நாங்களே கொண்டுவருவோம்.