கட்டுக்கம்பி அனீலிங் உலை: 40 லீற்றர் டீசல் எங்கே போகிறது?

கேள்வி: கிளிநொச்சியில் கட்டுக்கம்பிப் பட்டறை நடத்துகிறோம். செங்கல் உலைக்குள் மூடிய இரும்புப் பானையில் 500 கிலோ கம்பிச் சுருள்களை அடுக்கி, டீசல் பர்னரால் சூடேற்றி மென்மையாக்குகிறோம் (அனீலிங்). தடவைக்கு 40 லீற்றர் செலவாகிறது. அப்படியும் சுருளின் உட்பக்கக் கம்பி முறுக்கும்போது முறிகிறது. மின் உலைக்கு மாறினால் சரிவருமா?

பதில்: உலையை மாற்றுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். மென்னுருக்குக் கம்பியை 680 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றக் கிலோவுக்குச் சுமார் 0.12 அலகு (கிலோவாற் மணி) வெப்பம் போதும். 500 கிலோவுக்கு 60 அலகு. ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 அலகு இருக்கிறது. ஆகவே கம்பிக்குள் போவது 6 லீற்றர்தான். மிச்சம் 34 லீற்றரைப் பானையும் சுவரும் புகைபோக்கியும் பங்குபோடுகின்றன.

பெரிய கள்ளன் சுவர். 9 அங்குலத் தீச்செங்கல் சுவரில் சதுர மீற்றருக்கு 400 கிலோவுக்கு மேல் செங்கல் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அதைச் சூடேற்றி ஆறவிடுகிறீர்கள். கன மீற்றருக்கு 128 கிலோ அடர்த்தியுள்ள செரமிக் பைபர் (வெப்பம் தாங்கும் இலேசான பஞ்சு போன்ற) விரிப்பை 150 மில்லிமீற்றர் தடிப்பில் போட்டால், அதே பரப்பில் 19 கிலோதான் சூடேற வேண்டும். செங்கலை இடிக்க வேண்டாம். உட்பக்கத்தில் 50 மில்லிமீற்றர் ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். விரிப்பு சூட்டில் சுருங்கும், அதனால் மூட்டுகளை நெருக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். சுவாலை நேரே படக்கூடாது, பைபர் அரிபட்டுப்போகும். ஒட்டும்போதும் பிய்க்கும்போதும் தூசு முகமூடி கட்டாயம்.

உலையைத் தொடாத வழியும் உண்டு: இரண்டாவது பானை. முதற்பானையை எடுத்த சூட்டோடு அடுத்ததை இறக்கினால் சுவரின் சூடு வீணாகாது. பானை வெளியில் ஆறட்டும்.

புகைபோக்கியில் 750 பாகையில் புகை போகும்போது, தேவையான காற்றைப்போல் இரு மடங்கு விட்டால் டீசலின் வெப்பத்தில் பாதிக்கு மேல் வெளியேறும். காற்று அளவாக இருந்தால் மூன்றிலொரு பங்களவே. கரும்புகை வராத எல்லைவரை காற்றைக் குறையுங்கள். பர்னரை நிறுத்தியதும் புகைபோக்கித் தட்டை மூடுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

உமியால் எரிக்கலாமா என்றும் கேட்பார்கள். வன்னியில் நெல்லாலைகளுக்குக் குறைவில்லை, உமியில் கிலோவுக்கு மூன்றரை அலகளவு வெப்பமும் உண்டு. ஆனால் எடையில் ஐந்திலொன்று சாம்பல். சுவரைத் திருத்தாமல் உமிக்கு மாறினால் சாம்பல் அள்ளும் வேலைதான் கூடும்.

இனிக் கம்பி முறிவது. சுருளில் கம்பிகள் ஒன்றையொன்று புள்ளியாகத்தான் தொடுகின்றன, இடையில் காற்று. வெளிச்சுற்று 680 பாகையைத் தொடும்போது உட்பகுதி வெகுவாகப் பின்தங்கியிருக்கும். உங்கள் வெப்பமானி உலைச் சுவரில் இருந்தால் அது சுருளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பானை மூடி வழியாகக் குழாய் இறக்கி, கே வகைத் தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி உணரியை) சுருளின் தடித்த பகுதிக்குள் செருகுங்கள். அங்கே 650 பாகை வந்த பிறகே ஊறும் நேரத்தை, அதாவது அந்தச் சூட்டிலேயே வைத்திருக்கும் நேரத்தை, எண்ணத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வெளிச்சுற்று 727 பாகையைத் தாண்டும். உருக்கின் உள்ளே இருக்கும் நுண்மணிகள் பருத்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். சுருள்களுக்கிடையே இரும்புச் சட்டம் வைத்து இடைவெளி விடுங்கள்.

மூடியின் மணல் அடைப்பில் ஓட்டை இருந்தால் கம்பியில் செதிள் (இரும்பு ஒக்சைட்டுப் படலம்) பிடிக்கும். 200 பாகைக்குக் கீழே வராமல் திறக்காதீர்கள், கம்பி நீலநிறமாகும். பானைக்குள் கரி போடுபவர்கள் திறந்த வெளியில்தான் திறக்க வேண்டும். உள்ளே கார்பன் மொனொக்சைட் இருக்கும்.

மின் உலை நல்லதுதான், பைபர் சுவரோடு வந்தால். பழைய செங்கல் உலையில் எலிமென்ட் பூட்டினால் டீசல் நட்டம் மின்கட்டண நட்டமாக மாறும், அவ்வளவே. 500 கிலோவை நான்கு மணித்தியாலத்தில் ஏற்ற 30 கிலோவாற் அளவு வேண்டும். நேர அடிப்படைக் கட்டணம் உள்ள இணைப்பென்றால் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை ஓட்டுங்கள், மாலை 6.30 முதல் 10.30 வரை தொடவே வேண்டாம். 30 கிலோவாற் என்பது மும்முனையில் முனைக்கு 43 அம்பியர். உங்களிடம் 30 அம்பியர் இணைப்பு இருந்தால், உலைக்கு முற்பணம் கட்டுமுன் 60 அம்பியருக்கு விண்ணப்பியுங்கள்.