கிரீனுக்கு மழை வருவதற்கு முன்னால்: கேள்வி பதில்

மலேசியாவில் குளுவாங் பக்கத்துத் தோட்டக் கிளப்பில் 26 வருடமாகக் கோல்ஃப் புல்லோடு மல்லுக்கட்டுகிறேன். கிரீன் என்றால் பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. மழைக்காலம் நெருங்கினால் எல்லாருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

அண்ணே, கிரீனில் மண்ணுக்குக் காற்றுப் போகத் துளை போடும் வேலையை டிசம்பரில் வைக்கலாமா? விளையாட ஆளும் குறைவு.

வேண்டாம் தம்பி. ஆள் குறைவதே மழையால்தானே? வடகிழக்குப் பருவமழை நவம்பரில் பிடித்தால் மார்ச் வரை இழுக்கும். துளை மூடிப் புல் சேர 2, 3 வாரமாவது நல்ல வெயில் வேண்டும். செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

பட்டுத்தான் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் நவம்பர் கடைசியில் குத்தினேன். துளையை நிரப்ப மணல் தூவிய மறுநாளே மழை. தேய்த்து உள்ளே இறக்க முடியாமல் மணல் மேலேயே களியாகக் கிடந்தது, துளையெல்லாம் தண்ணீர். ஜனவரியில் குழி மாற்ற ஒரு கட்டி மண் எடுத்தால், 2 அங்குலத்துக்குக் கீழே கன்னங்கறுப்பு. மூக்கில் அழுகின முட்டை நாற்றம். மண்ணுக்குள் காற்றுப் போகாவிட்டால் சில நுண்ணுயிர்கள் கிளப்பும் வாயு அது. வேர் அந்தக் கறுப்பைத் தாண்டி இறங்காது. அந்தக் கிரீன் தேற ஜூன் ஆனது.

ஆற்று மணல் மலிவாகக் கிடைக்கிறது. துளையில் போடலாமா?

முதலில் ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணல், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மணலுக்கு மேல் வண்டல் ஏடு படிந்திருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். அந்த வண்டல்தான் பிறகு துளையை அடைக்கும்.

கமிட்டியில் மழைக்காலத்திலும் கிரீன் புல்லை 3.5 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டச் சொல்கிறார்கள், ஐயா.

பந்து வேகமாக ஓட வேண்டும் என்ற ஆசை, வேறென்ன. மேகம் மூடிய நாளில் இலையையும் சிரைத்துவிட்டால் புல் எதை வைத்துச் சாப்பிடும்? 4க்கு மேல் ஏற்றுங்கள். பெர்முடா ரகப் புல் நிழலில் பிழைக்காது. கிரீனுக்குக் கிழக்கே மரம் இருந்தால் கிளையைக் கழியுங்கள். காலை வெயில் பட்டாலே பாசி பாதி குறையும்.

ஃபேர்வேயில், அதாவது கிரீன் வரை போகும் நீளப் புல்வெளியில், திட்டுத் திட்டாகக் காய்கிறது. பூச்சியா, வெயிலா?

4 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, காய்ந்ததும் பச்சையும் சேருகிற ஓரத்தில் ஊற்றிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைப்பூச்சியோ படைப்புழுவோ இருந்தால் சில நிமிடத்தில் தானே மேலே வரும். ஒன்றும் வராவிட்டால் மருந்துக் காசு மிச்சம்.

சம்பாவ் என்கிற களைப்புல் மருந்துக்கு மசியவில்லை. பாராகுவாட் களைக்கொல்லி அடிக்கலாமா?

பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. பழைய போத்தல் எங்காவது கிடந்தாலும் தொடாதீர்கள். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அடங்காத சம்பாவ் 1997இல் நம் மலேசியாவில்தான் முதலில் பதிவானது, அதனால் அளவைக் கூட்டியும் பயனில்லை. கிரீனில் என்றால் எதுவும் அடிக்காமல், விதை பிடிக்கும் முன் கத்தியால் வேரோடு கெல்லுங்கள்.

தோட்டத்துப் பந்துத் திடலில் கோல் வாசல் மட்டும் சேறு, அண்ணே.

ஓரத்திலிருந்து மாட்டுப்புல்லைப் பத்தையாக வெட்டி அங்கே பதியுங்கள். சரி, அது வேர் பிடிக்கும் 6 வாரம் பையன்களை எப்படித் தடுப்பது? கோல் கம்பத்தைப் பக்கவாட்டில் நகர்த்திவிடுங்கள். பந்து போகிற இடத்துக்குத்தான் கால் போகும்.